முன் டிஃபரன்ஷியல் அடிவாங்கிவிட்டதா? மலைப்பாதை, காட்டுப்பாதை போய் வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஜிப்சி, தார், ஜிம்னி, குர்கா, பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். சிலர் அதற்குள் டிஃபரன்ஷியலைத் திறந்துவிடலாம் என்று முடிவே செய்திருப்பார்கள். திறப்பதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதிக்கு ஜாக்கியும் ஸ்பேனரும் போதும்.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைத்துக்கொள்ளும் பார்ட் டைம் 4×4 வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களுக்கு எல்லாம் அப்படியே பொருந்தாது.

முன்னாடி இருக்கிற டிஃபரன்ஷியல் என்ன வேலைதான் செய்யுது?

பின்னால் இருப்பது செய்யும் அதே வேலைதான். என்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் வரும் நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது, பினியன் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது, கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கேஸுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களும் சன் பினியன்களும் அந்தச் சுழற்சியை இடது, வலது ஆக்சில் ஷாஃப்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. நேராகப் போகும்போது ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் சுழல்வதில்லை. வண்டி திரும்பும்போதோ ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றும்போதோதான் சுழலும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சத்தத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க இதுதான் பின்னால் உதவப்போகிறது.

வண்டிக்கு வண்டி மாறுவது அது உட்கார்ந்திருக்கும் இடம். ஜிப்சி, ஜிம்னி இரண்டிலும் முன்னால் ஒரே நீளமான ஆக்சில், டிஃபரன்ஷியல் அந்த ஆக்சிலோடு மேலும் கீழும் போகும். 2020-இல் வந்த தாரில் முன் சஸ்பென்ஷன் தனித்தனி, அதில் டிஃபரன்ஷியல் உடம்போடு பொருத்தப்பட்டிருக்கும், இருபுறமும் சிவி ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் மூட்டு) வைத்த டிரைவ் ஷாஃப்டுகள் சக்கரத்துக்குப் போகும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

நான் எப்பவும் 2 ஹையிலதான் ஓட்டுறேன். அப்ப முன் டிஃபரன்ஷியல் சும்மாதானே இருக்கும்?

அதிகம் பேர் தவறாக நம்புவது இதைத்தான். பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலைதான் 2 ஹை, அதில் என்ஜினின் இழுவை முன்னால் போவதில்லை, அது சரி. ஆனால் சக்கரத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இணைப்பைத் துண்டிக்கும் ஹப்போ வேறு ஏற்பாடோ இல்லையென்றால், தரையில் உருளும் சக்கரமே டிரைவ் ஷாஃப்டையும் கிரவுனையும் பினியனையும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் சுற்றிக்கொண்டே வரும். பாரம் இருக்காது, சுழற்சி இருக்கும். கெட்டுப்போன பேரிங் 2 ஹையிலும் சத்தம் போடுவது அதனால்தான், உடைந்த பல் ஒன்று உள்ளே கிடந்தால் 2 ஹையிலும் ஆபத்து என்பதும் அதனால்தான்.

பல ஜிப்சிகளில் சக்கரத்தின் நடுவில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் இருக்கும். ஜிம்னியில் அதே வேலையை வாக்குவம் செய்கிறது. அந்த ஹப் திறந்திருந்தால் மட்டும்தான் முன் டிஃபரன்ஷியல் உண்மையிலேயே ஓய்வில் இருக்கிறது என்று சொல்லலாம்.

அடியில பாறை இடிக்கவே இல்ல. அப்புறம் எப்படி உள்ள உடையும்?

பாறை இடித்து உடைவது குறைவு. இடித்தால் ஹவுசிங்கில் கீறலோ வெடிப்போ தெரியும், ஆயில் ஒழுகும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே பல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வலதுகால். முன் சக்கரம் ஒன்று காற்றில் தூக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டரை விடாமல் இருக்கிறோம், வண்டி சாய்ந்து அந்தச் சக்கரம் பாறையில் இறங்கிக் கவ்வுகிறது. அதுவரை சுற்றிக்கொண்டிருந்த எல்லாமே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிற்க வேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதும் பினியன் பல்லில் விழுகிறது. நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் 4 லோவில் முறுக்கு விசை சுமார் 2 முதல் இரண்டரை மடங்கு கூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் முழுவதும் ஒடித்த நிலையில் இதைச் செய்தால் முதலில் போவது வெளிப்பக்க ஜாயின்ட்.

இன்னொரு வழி சேறு. ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் நிமிடக்கணக்கில் வேகமாகச் சுற்றினால் ஸ்டார் பினியன்கள் தங்களைத் தாங்கும் கம்பியில் அதிவேகமாகச் சுழலும். அந்த வேலைக்காக அவை செய்யப்பட்டவை அல்ல. எண்ணெய்ப் படலம் போய் இரும்பும் இரும்பும் உரசிப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது, தார்ச்சாலையிலேயே நடப்பது. கொழுக்குமலை மாதிரி ஒரு கல்பாதையிலிருந்து இறங்கிச் சாலைக்கு வந்த பிறகும் நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் 4 ஹையை எடுக்க மறந்து வளைவுகளில் ஓட்டிக்கொண்டே வருவார்கள். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும், நடுவில் அதைச் சமாளிக்க எதுவும் பார்ட் டைம் வண்டியில் கிடையாது. மண்ணில் டயர் சற்று வழுக்கி விட்டுக்கொடுக்கும், காய்ந்த தாரில் கொடுக்காது, அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டுகளிலும் பல்லிலும் ஏறி நிற்கும்.

ட்ரிப் முடிஞ்சு வந்ததும் முதல்ல என்ன பார்க்கணும்?

முதலில் அடியைக் கழுவுங்கள், ஆனால் ஹை பிரஷர் தண்ணீரைச் சீல்கள் மேலும் பிரீதர் மேலும் நேராக அடிக்காதீர்கள். காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை: ஹவுசிங்கின் அடிப்பாகம், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் பாறையில் தேய்ந்திருக்கிறதா என்பது, பினியன் சீல் பக்கம் எண்ணெய்ப் பசை, இருபுற ஆக்சில் சீல், சிவி ஜாயின்டின் ரப்பர் பூட் கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்பது. தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியானால் டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்களையும் பாருங்கள்.

பிரீதரை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். ஹவுசிங்கின் மேலே சின்னதாக ஒரு மூடியோ, குழாயோ இருக்கும். சேறு அடைத்திருந்தால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். ஒழுகும் சீலைப் பார்த்ததும் சீல் போய்விட்டது என்று மாற்றுவதற்கு முன்னால் பிரீதரைச் சுத்தம் செய்து இரண்டு நாள் பாருங்கள், பல நேரம் அதோடு நின்றுவிடும்.

காந்தத்துல இரும்புத் தூள் ஒட்டியிருக்கு. பயப்படணுமா?

எப்படிப்பட்ட தூள் என்பதைப் பொறுத்தது. ட்ரெயின் போல்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி படிந்திருந்தால், விரலில் தேய்த்தால் மொரமொரப்பே இல்லையென்றால், அது இயல்பான தேய்மானம். துடைத்துவிட்டுப் போடலாம். பளபளவென்று மெல்லிய செதில்கள் வந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் தனியாக எடுக்க முடிகிற துண்டு, ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் உடைந்த சொரசொரப்பாகவும் இருந்தால் அது பல். பல் துண்டு கிடைத்துவிட்டால் மேற்கொண்டு சோதனை எதுவும் வேண்டாம், வண்டியை ஓட்டவும் வேண்டாம்.

ஆயிலை வடிக்கும்போது இரண்டு விஷயம். சிறிது தூரம் ஓட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால்தான் அடியில் தங்கியது கலந்து வரும். அப்புறம், ட்ரெயின் போல்டைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் வடித்தபின் மேல் போல்ட் துருப்பிடித்துத் திறக்கவில்லையென்றால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். வடித்ததை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டிப் பாருங்கள், காந்தம் பிடிக்காத மஞ்சள் உலோகத் துகளும் அதில்தான் தெரியும், அது உள்ளே இருக்கும் வாஷர்களிலிருந்து வந்திருக்கலாம்.

ஆயில் பால் விட்ட காபி மாதிரி வருது. ஆத்துல இறக்கினேன், ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது.

தண்ணீர் புகுந்துவிட்டது. மலையேறிச் சூடான டிஃபரன்ஷியலைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், பிரீதர் வழியாகவோ சீலின் உதட்டைத் தாண்டியோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதர் குழாயை நீட்டி என்ஜின் அறையில் உயரமாகக் கட்டி வைப்பது இதற்காகத்தான், குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம் அது.

வண்டி நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பல்லின் மேல் படலமாக நிற்காது, நிறுத்தி வைக்கும் நாட்களில் பேரிங்கில் துருப்புள்ளி விழும், ஒரு மாதம் கழித்து ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். உடனே வடித்து, புது ஆயில் ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடித்துப் பாருங்கள். நிறம் இன்னும் வெளுத்திருந்தால் இன்னொரு முறை. எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஹைபாய்டு கிரவுன் பினியனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 மாதிரி கியர் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். கையில் இருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள்.

முன்னாடி "ஊ"ன்னு ஒரு சத்தம். டிஃபரன்ஷியலா, வீல் பேரிங்கா, டயரா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கால், கை, சாலை, இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தத்தின் தன்மை மாறினால் கிரவுன் பினியன் பக்கம் சந்தேகம். அழுத்தும்போது மட்டும் வருவது பல்லின் ஒரு முகம், விட்டு உருளும்போது மட்டும் வருவது மறுமுகம், அல்லது பினியன் பேரிங். காலுக்குச் சம்பந்தமில்லாமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறையும் அடித்தொண்டைச் சத்தமானால் ஏதோ ஒரு பேரிங். காலியான நேர்ச்சாலையில் மெதுவாக ஸ்டீயரிங்கை இடதும் வலதும் அசைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் பாரம் ஏறும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். சாலை தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மட் டெரெய்ன் டயர் போட்டவர்கள் முதலில் டயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2 ஹையில் முன்பக்கம் பாரமில்லாமல் சுற்றுகிறது என்று முன்பே சொன்னேன், அதனால் இந்தக் கால் சோதனை முன் டிஃபரன்ஷியலுக்கு 2 ஹையில் சரியாக வேலை செய்யாது. 4 ஹையில் செய்ய வேண்டும், அதையும் தளர்வான மண் சாலையில் நேராகப் போகும்போது மட்டும். 2 ஹையில் கால் வைத்ததும் மாறும் ஊளை பெரும்பாலும் பின் டிஃபரன்ஷியலிலிருந்து வருகிறது. உடம்பு வழியாகச் சத்தம் ஓடி முன்னால் கேட்பது போலத் தோன்றும், இதனால் நல்ல முன் டிஃபரன்ஷியலைக் கழற்றியவர்கள் உண்டு.

பூட்டித் திறக்கும் ஹப் உள்ள வண்டியில் வேலை சுலபம். ஹப்பைத் திறந்து 2 ஹையில் ஓட்டுங்கள், பிறகு அதே சாலையில் பூட்டிவிட்டு 2 ஹையிலேயே ஓட்டுங்கள். பூட்டினால் மட்டும் சத்தம் வந்தால் ஆக்சிலுக்குள் அல்லது முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் இருக்கிறது, இரண்டிலும் வந்தால் வீல் பேரிங், டயர், அல்லது சத்தம் முன்பக்கத்திலிருந்தே வரவில்லை.

திரும்பும்போது மட்டும் டக் டக் டக்னு கேக்குது.

தனித்தனி சஸ்பென்ஷன் வண்டியில் முதல் சந்தேகம் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். பூட் கிழிந்து மணல் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டிருந்தால் ஜாயின்ட் எப்போதும் அதிகக் கோணத்தில் வேலை செய்கிறது, சீக்கிரம் போகும். முழு ஆக்சில் வண்டியில் நக்கிளுக்குள் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பகுதி) இருக்கும் ஜாயின்டும் இதே மாதிரிதான் பேசும்.

ஜாயின்ட் நன்றாக இருந்தும் திரும்பும்போது மட்டும் உள்ளிருந்து கரகரப்போ தட்டலோ வந்தால், முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: திரும்பும்போது சுழல்பவை ஸ்டார் பினியன்கள். சேற்றில் சுற்றிய வண்டி என்றால் அங்கேதான் பாருங்கள். தார்ச்சாலையில் 4 ஹையில் திருப்பும்போது மட்டும் துள்ளலும் தட்டலும் வந்தால் எதுவும் கெடவில்லை, முறுக்கு ஏறி டயர் தாவுகிறது. 2 ஹைக்கு மாற்றுங்கள். கியர் மாற்றும் லீவர் வர மறுத்தால் நேராக ஓரிரு மீட்டர் ரிவர்ஸ் எடுத்துவிட்டு மாற்றுங்கள், விட்டுவிடும்.

கிளட்ச் விடும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் "டொக்"னு ஒரு இடி.

இதில் டிஃபரன்ஷியலைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ்கள்: தண்ணீரில் இறங்கிய பிறகு கிரீஸ் அடிக்காமல் விட்டால் ஊசி பேரிங் காய்ந்து துருப்பிடிக்கும், ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகினால் ஆட்டம் தெரியும். அடுத்து ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (பல் வெட்டிய இணைப்புப் பகுதி), பிறகு டிஃபரன்ஷியலைத் தாங்கும் புஷ்கள், என்ஜின் மவுன்ட். இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறதா என்ற கேள்வியே வரும்.

வண்டியை ஓட்டாம, கையாலயே சோதிக்க முடியுமா?

முடியும், ஓட்டிப் பார்ப்பதைவிட இதில் அதிகம் தெரியும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். 4 லோ போட்டு, முதல் கியரில் வைத்து, என்ஜினை அணைத்துவிடுங்கள். வாக்குவம் ஹப் உள்ள வண்டியானால் இறக்கி வைத்திருக்கும்போதே என்ஜின் ஓடும் நிலையில் 4-க்கு மாற்றி, சற்று உருட்டி, பூட்டிக்கொண்டது உறுதியான பிறகு தூக்க வேண்டும்.

இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் லாக் போடாத டிஃபரன்ஷியலில் எதிர்ச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். வழவழவென்று சுற்றினால் ஸ்டார், சன் பினியன்களும் இரண்டு ஷாஃப்டுகளும் நலம். ஒரே இடத்தில் தடைபட்டால், கரகரத்தால், உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு சக்கரம் சுற்றி மற்றது அசையவே இல்லையென்றால் ஷாஃப்டோ ஜாயின்டோ உடைந்திருக்கிறது, அல்லது ஒரு பக்க ஹப் பூட்டவில்லை. இரண்டும் ஒரே திசையில் சுற்றி, கூடவே ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4-இல் விழவே இல்லை, டிஃபரன்ஷியலைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து 2 ஹைக்கு மாற்றி, முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை டிஃபரன்ஷியல் பக்கம் கழற்றி, ஷாஃப்ட் பொருந்தியிருந்த வட்டத் தட்டான பினியன் ஃபிளேஞ்சைக் கையால் சுற்றுங்கள். சீராக இருக்க வேண்டும். சுற்றும் திசையில் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டினால் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது. இந்த ஆட்டத்தோடு ஓட்டினால் நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

4 லைட் எரியுது, ஆனா முன் சக்கரம் இழுக்கவே மாட்டேங்குது. டிஃபரன்ஷியல் போச்சுதானே?

அவசரப்படாதீர்கள். லைட் எரிவது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் ஸ்விட்சைப் பொறுத்தது, சக்கரம் இழுக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஜிம்னி வகையில் வாக்குவம் குழாய் குச்சி குத்திக் கிழிந்திருந்தாலே ஹப் பூட்டாது. கையால் பூட்டும் ஹப்பில் ஒரு பக்கத்தைத் திருப்ப மறந்திருந்தாலும் இதே கதைதான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. லாக் இல்லாத டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஷாஃப்ட் உடைந்தாலே இரண்டு முன் சக்கரமும் இழுக்காது, ஏனென்றால் சுழற்சி எல்லாம் தடையில்லாத உடைந்த பக்கமாகப் போய்விடும். "ரெண்டும் இழுக்கல, அதனால நடுவுலதான் கோளாறு" என்ற கணக்கு அதனால் செல்லாது. மேலே சொன்ன கைச் சோதனை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். முன்னும் பின்னும் லாக் உள்ள குர்காவில் லாக்கைப் போட்டதும் ஒரு பக்கமாவது இழுத்தால் கிரவுன் பினியன் நன்றாக இருக்கிறது, மறுபக்க ஷாஃப்டைப் பாருங்கள்.

மெதுவா போகும்போது சீரான இடைவெளியில ஒரு தட்டல். அதை வெச்சு எந்தப் பல்லுன்னு சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். நேராகப் போகும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கிரவுனும் ஒரு சுற்று, பினியன் சுமார் 4 சுற்று. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர் என்று வைத்தால், மணிக்கு 10 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். ஆக நொடிக்கு ஒரு தட்டல் என்றால் கிரவுன் பல், அல்லது சக்கரத்தோடு சுற்றும் வேறு எதுவும்: டயரில் சிக்கிய கல், பிரேக் டிஸ்க், தளர்ந்த நட். நொடிக்கு ஐந்து போல வேகமாக வந்தால் பினியன் அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். சுண்ணாம்புக் கட்டியால் டயரில் ஒரு கோடு போட்டு, நண்பரை மெதுவாக ஓட்டச் சொல்லி, வெளியே நடந்துகொண்டே கவனியுங்கள். கல் சிக்கியதற்கு டிஃபரன்ஷியலைத் திறந்துவிட வேண்டாம்.

காட்டுக்குள்ள உடைஞ்சிடுச்சு. முன் ஷாஃப்டை கழட்டிட்டு 2 ஹையில வீடு வந்து சேரலாமா?

எது உடைந்தது என்பதைப் பொறுத்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் உடைந்திருந்தால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு வரலாம். சில வண்டிகளில் ஷாஃப்டின் முனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நுழைந்தபடியே இருக்கும், கழற்றினால் ஆயில் கொட்டும், அந்தத் துளையை அடைக்காமல் கிளம்பாதீர்கள். வழியில் 4 லோ போட்டால் அத்தனை முறுக்கும் பின் ஆக்சிலுக்கு மட்டும் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கிரவுனோ பினியனோ உடைந்திருந்தால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்றுவது போதாது. ஹப் திறக்க முடியாத வண்டியில் சக்கரம் டிஃபரன்ஷியலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே மாட்டினால் முன் சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். மலை இறக்கத்தில் இது நடந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்காது. ஹப்பைத் திறக்க முடிந்தால் திறந்து மெதுவாக வாருங்கள், முடியாவிட்டால் ஏற்றி எடுத்து வாருங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

டிரைவ் ஷாஃப்டையே உருவி விடலாமே என்று சிலர் கேட்பார்கள். பல தனித்தனி சஸ்பென்ஷன் வண்டிகளில் சிவி ஜாயின்டின் வெளிமுனைதான் நட் போட்டு வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே போகும். உருவினாலும் வெளிமுனையை மட்டும் திரும்ப மாட்டி நட்டை இறுக்கிய பிறகுதான் நகர வேண்டும்.

ஒரே பக்க ஆக்சில் சீல் மூணாவது தடவை ஒழுகுது. மட்டமான சீலா?

பிரீதரைப் பார்த்தாகிவிட்டது, சீலும் நல்லது என்றால், ஹவுசிங் வளைந்திருக்கலாம். முழு ஆக்சில் வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் குழியில் வேகமாக விழுந்தால் குழல் பகுதி லேசாக வளையும், கண்ணுக்குத் தெரியாது. ஷாஃப்ட் சீலின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக உரசும், சீல் ஒழுகும், பிறகு பேரிங் போகும். அந்தப் பக்க டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வீல் அலைன்மென்ட் கடையில் கேம்பர் அளவை (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டு பக்கமும் ஒப்பிடச் சொல்லுங்கள், முழு ஆக்சிலில் அது இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

பினியன் சீல் மாத்தினாங்க. அதுக்கு அப்புறம்தான் ஊளையே ஆரம்பிச்சுது!

நம்பக்கூடியதுதான், ரொம்பவும் நடப்பதுதான். பல டிஃபரன்ஷியல்களில் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் தன்மையுள்ள ஒரு உருளை இருக்கும். பினியன் நட்டை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு அது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். சீல் மாற்ற நட்டைக் கழற்றும்போது பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளாமல், திரும்ப மாட்டும்போது ஏர் கன்னால் அடித்து இறுக்கினால் உருளை அதிகமாக நசுங்கிவிடும். பேரிங் இறுகும், சூடாகும், ஊளையிடும். குறைவாக இறுக்கினால் தளரும். இரண்டுமே பினியன் இருக்கும் இடத்தை மாற்றிவிடும்.

சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பினியன் மூக்குப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். நட்டைச் சற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நசுங்கிய உருளை திரும்ப நிமிராது. புது உருளை, புது நட் போட்டு, இறுக்கத்தை டார்க் மீட்டரில் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

ரிவர்ஸ்ல மேடு ஏறும்போது மட்டும் கட்டுனு சத்தம். முன்னாடி போகும்போது ஒண்ணுமே இல்ல.

கடினமான கேள்வி, கேட்கத் தகுந்த கேள்வியும்கூட. ரிவர்ஸில் மேடு ஏறும்போது வண்டியின் எடை கீழே இருக்கும் முன் ஆக்சில் மேல் சாய்கிறது, பிடிமானமும் பாரமும் அங்கே கூடுகின்றன, பல்லின் வழக்கமாக வேலை செய்யாத முகத்தில் அது விழுகிறது. அந்த முகத்தில் ஒரு பல் மூலை உடைந்திருந்தால் முன்னால் ஓட்டும்போது தெரியவே தெரியாது. ஆயிலை வடித்துத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள், கைச் சோதனையில் பினியனை இரண்டு திசையிலும் சுற்றி ஒப்பிடுங்கள். ஒரு திசையில் மட்டும் தட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

கிரவுன் நல்லா இருக்கு, பினியன் மட்டும் போச்சு. பினியன் மட்டும் மாத்தலாமா? இல்ல புதுப்பேட்டையில முழு செட்டா எடுக்கலாமா?

பினியன் மட்டும் மாற்றாதீர்கள். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்தவை, ஒரே எண் பொறித்திருப்பதும் உண்டு. வேறு ஜோடியிலிருந்து எடுத்துப் போட்டால் எத்தனை சரியாக அமைத்தாலும் ஊளை போகாது.

பழைய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையோ வேறு ஊர்ச் சந்தையோ போவதில் தவறில்லை, கழற்றாத முழு டிஃபரன்ஷியலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பல் விகிதம் பின் டிஃபரன்ஷியலோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் 4-இல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போடும். கடையிலேயே பார்க்கலாம்: ஒரு பக்க முனையை அசையாமல் பிடித்து, மறுபக்க முனையை 2 முழுச் சுற்று சுற்றுங்கள், பினியன் ஃபிளேஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் பற்களை எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்ச் ஆட்டத்தையும் அங்கேயே பாருங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துரு ஏறிய பல்லை வாங்க வேண்டாம்.

மெக்கானிக் "திறந்து பார்த்துடலாம்"ங்கிறார். சரின்னு சொல்லலாமா?

பல் துண்டு கிடைத்திருந்தால், ஃபிளேஞ்ச் ஆடினால், கைச் சோதனையில் தட்டினால், சரி என்று சொல்லுங்கள். வெறும் சத்தத்தை மட்டும் வைத்து என்றால் வேண்டாம், மேலே உள்ளவற்றை முதலில் செய்யச் சொல்லுங்கள். திறப்பவரிடம் டயல் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி பெரும்பாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான், அதைக் கைப் பழக்கத்தில் யாராலும் அளக்க முடியாது. கழற்றும் முன் இடைவெளியை அளந்து எழுதி வைக்க வேண்டும், பேரிங் மூடிகள் இடது எது, வலது எது என்று குறிக்க வேண்டும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களைப் பக்கம் மாறாமல் தனித்தனியாக வைக்க வேண்டும். மாட்டிய பிறகு பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று உங்களுக்கே காட்டச் சொல்லுங்கள். தடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சத்தம் வந்தால் பேச அதுதான் ஆதாரம்.

வேலை முடிந்ததும் ஒரேயடியாக மலைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் 15, 20 நிமிடம் மிதமாக ஓட்டி நன்றாக ஆறவிடுங்கள், அதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஹப் திறக்கும் வண்டியானால் பூட்டிவிட்டு ஓட்டினால்தான் புதுப் பற்கள் சுற்றும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்துவிடுங்கள். புது செட்டானதால் காந்தத்தில் விழுது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், அதில் கவலை இல்லை, செதில் இருந்தால் மட்டும் அதே பட்டறைக்கு அந்த வாரமே வண்டியைக் கொண்டு போங்கள்.